குளிர்காலத்தில் கால்வாய்ப் படகில் குடியிருந்தால் தண்ணீருக்கு என்ன வழி?

வெலிங்டன்வாசி:

எல்லோருக்கும் வணக்கம். குன்னூர் வெலிங்டனில் இருந்து எழுதுகிறேன். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நம் மலையிலிருந்து வெளிநாடு போய் வந்தவர்கள் இங்கே நிறைய பேர் இருப்பதால் கேட்கிறேன்.

என் மகளும் மருமகனும் இங்கிலாந்தில் இருக்கிறார்கள். வாடகை கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை என்று நேரோபோட் என்கிற ஒடுக்கமான கால்வாய்ப் படகு ஒன்றை வாங்கி அதிலேயே குடித்தனம் நடத்துகிறார்கள். 57 அடி நீளம், ஏழடிகூட இல்லாத அகலம். அடுப்பு, கட்டில், குளியலறை எல்லாம் அதற்குள்ளேயே. நிரந்தரமான இடம் கிடையாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை படகை அவிழ்த்து வேறு இடத்தில் கட்ட வேண்டுமாம். டிசம்பரில் வந்து பிப்ரவரி வரை இருங்கள் என்று என்னையும் மனைவியையும் கூப்பிடுகிறாள்.

எங்களுக்குப் போக ஆசைதான். மனைவிக்கு ஒரே கவலை, தண்ணீர். குன்னூரில் ரேலியா அணைத் தண்ணீர் எப்போது வரும் என்று குடத்தோடு காத்திருந்தே காலம் போனது. அங்கே நாலு பேருக்கு ஒரு டேங்க், அதுவும் குழாய் உறைகிற குளிரில். மகளைக் கேட்டால் "அதெல்லாம் பாத்துக்கலாம்பா" என்கிறாள். பாத்துக்கலாம் என்பது எனக்குப் போதவில்லை.

தண்ணீர் எங்கே பிடிப்பார்கள்? குழாய் உறைந்தால் என்ன செய்வார்கள்? நாலு பேருக்கு எத்தனை நாள் வரும்? இங்கிருந்து ஏதாவது எடுத்துப் போக வேண்டுமா? அனுபவப்பட்டவர்கள் சொன்னால் நிம்மதியாக டிக்கெட் போடுவேன்.

தலைகுந்தா கேரட்:

ஐயா, எனக்குப் படகு பற்றித் தெரியாது, உறைபனி பற்றித் தெரியும். டிசம்பர், ஜனவரியில் எங்கள் பக்கம் விடியும்போது புல்வெளி உப்புக் கொட்டியது மாதிரி வெளுத்திருக்கும். மண்ணுக்கு மேலே கிடக்கிற கருப்பு ஓஸில் தண்ணீர் கட்டியாகி நிற்கும். வெயில் ஏறி ஒன்பது, ஒன்பதரை ஆனால்தான் சொட்ட ஆரம்பிக்கும். அதனால் ராத்திரி படுக்கும்போது கடைசிக் குழாயை நூல் மாதிரி ஒழுகவிட்டு விடுவோம். ஓடுகிற தண்ணீர் சீக்கிரம் உறையாது. குழாய்க்கும் வால்வுக்கும் சாக்கு சுற்றிவிடுவோம். படகிலும் இதைச் செய்யலாமே?

கொடைக்காரன்:

நான் கொடைக்கானலில் பிளம்பிங் வேலை பார்ப்பவன். குளிரில் பைப் வெடித்தால் பெரும்பாலும் எல்போவிலும் வால்விலும்தான் வெடிக்கும். உள்ளே தண்ணீர் நிற்பதால்தான் வெடிக்கிறது. ஆள் இல்லாத காட்டேஜ் என்றால் தாழ்வான இடத்தில் ஒரு வால்வு வைத்து முழுக்க வடித்துவிடச் சொல்வேன்.

இன்னொன்று தோன்றுகிறது. படகைச் சுற்றி அவ்வளவு தண்ணீர் இருக்கிறதே. அவசரத்துக்குக் கால்வாய்த் தண்ணீரை மொண்டு, துணியில் வடிகட்டி, நன்றாகக் கொதிக்கவைத்துக் குடித்தால் என்ன? நம் முன்னோர் ஓடைத் தண்ணீர்தானே குடித்தார்கள்.

கோத்தகிரி சிஸ்டர்:

வெலிங்டன் அண்ணா, வணக்கம். நான் கோத்தகிரி. நர்ஸ் வேலைக்கு இங்கிலாந்து போய், மில்டன் கீன்ஸ் பக்கம் கிராண்ட் யூனியன் கால்வாயில் படகிலேயே பல வருடம் குடியிருந்தேன். இப்போது ஊரோடு வந்துவிட்டேன். 2010 டிசம்பர் குளிரையும் 2018 மார்ச் பனியையும் படகுக்குள் இருந்துதான் பார்த்தேன். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் கொடைத் தம்பிக்குப் பதில். தம்பி, அவசரம் என்றாலும் அது வேண்டாம். அந்தக் கால்வாய்கள் ஓடையில்லை. இருநூறு வருடத்துக்கு முன்னால் சரக்குப் படகுக்காக வெட்டியவை, தண்ணீர் கிட்டத்தட்ட நின்ற நிலையில் இருக்கும். படகின் சமையல் தொட்டித் தண்ணீரும் குளியல் தண்ணீரும் நேராகக் கால்வாயில்தான் விழும், அங்கே அதற்கு அனுமதி உண்டு. கழிவறைக் கழிவு மட்டும்தான் தனியாகச் சேரும். பக்கத்து வயலில் அடித்த மருந்து, ரோட்டிலிருந்து வழிகிற எண்ணெய், என்ஜின் டீசல் எல்லாம் அதில் கலந்திருக்கும். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், டீசலும் பூச்சிமருந்தும் அப்படியே இருக்கும். ஊட்டி ஏரியில் ஊர்ச் சாக்கடையைச் சுமந்துகொண்டு கோடப்பமந்து கால்வாய் வந்து சேர்கிற இடத்தைப் பார்த்தவர் யாரும் அந்தத் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்க நினைக்கமாட்டார்கள். அதே நினைப்பு அங்கேயும் இருக்கட்டும்.

அதைவிட எனக்கு முக்கியமானது எலிக்காய்ச்சல். எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் இருக்கிற கிருமி, கையில் உள்ள சின்னக் கீறல் வழியாகவும் கண், வாய் வழியாகவும் உள்ளே போகும். கால்வாயில் நனைந்த கயிற்றைப் பிடித்தாலே சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் சாப்பாட்டைத் தொட வேண்டும். கீறல் இருந்தால் நீர் புகாத பிளாஸ்டர் ஒட்டிக்கொள்ள வேண்டும். ஊருக்குத் திரும்பிய பிறகு காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், படகில் இருந்தோம் என்று டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அதைச் சொன்னால்தான் அவர்களுக்கு அந்தப் பக்கம் யோசனை போகும்.

சரி, குடிதண்ணீர் எங்கே கிடைக்கும் என்று பார்ப்போம். இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் பெரும்பாலான கால்வாய்கள் கனால் அண்ட் ரிவர் டிரஸ்ட் என்கிற அறக்கட்டளையின் பொறுப்பில் இருக்கின்றன. 2012 முதல் அவர்கள்தான் பார்க்கிறார்கள். கால்வாய் நெடுக ஆங்காங்கே குடிநீர்க் குழாய் வைத்திருக்கிறார்கள். பல லாக்குகளுக்குப் பக்கத்திலும் ஊர் ஓரங்களிலும் இருக்கும். லாக் என்றால் படகை மேட்டுக்கு ஏற்றவும் பள்ளத்துக்கு இறக்கவும் கால்வாயில் கதவு போட்டுக் கட்டியிருக்கிற தொட்டி. ஊர்க் குடிநீர் லைனிலிருந்து வருகிற சுத்தமான தண்ணீர். படகு லைசென்ஸ் கட்டியவர்களுக்கு இதற்குத் தனிக் காசு கிடையாது. சில குழாய்கள் திறந்தே இருக்கும், சிலது சின்ன இரும்புக் கதவுக்குள் பூட்டியிருக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே சாவிதான், வாட்டர்மேட் சாவி என்பார்கள். மகளிடம் கட்டாயம் இருக்கும். இரண்டாவது சாவி இருக்கிறதா என்று கேளுங்கள், ஒன்று தண்ணீரில் விழுந்தால் கை ஒடிந்த மாதிரி ஆகிவிடும்.

அந்த இடத்திலேயே கழிவறை கேசட்டை, அதாவது கழற்றி எடுக்கிற கழிவுப் பெட்டியை, கொட்டிக் கழுவுகிற குழாயும் இருக்கலாம். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் அறிவிப்பைப் படித்துவிட்டு ஓஸ் மாட்டுங்கள். குடிநீர்க் குழாயாகவே இருந்தாலும், முந்தைய ஆள் எந்தக் கையால் தொட்டார் என்று நமக்குத் தெரியாது. நான் குழாய் வாயை ஒரு சுத்தமான துணியில் கிருமிநாசினி நனைத்துத் துடைப்பேன், ஒரு நிமிடம் தண்ணீரைக் கீழே ஓடவிடுவேன், அப்புறம்தான் ஓஸ். ஓஸ் குடிநீருக்கென்று விற்கிற வகையாக இருக்க வேண்டும், தோட்டத்து ஓஸ் வேண்டாம். அதன் முனை தரையில் படக்கூடாது. குழாய் மரை அரை இன்ச்சும் இருக்கும், முக்கால் இன்ச்சும் இருக்கும். இரண்டுக்கும் அடாப்டர் பையில் இல்லாவிட்டால் குழாய்க்கு முன்னால் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இப்போது உங்கள் மகள் சொன்ன "பாத்துக்கலாம்பா"வுக்கு வருகிறேன். அவர்கள் இரண்டு பேராக இருந்து பழகியவர்கள். டேங்க் படகுக்குப் படகு மாறும், 300 லிட்டரும் உண்டு, 700 லிட்டரும் உண்டு. உங்கள் மகள் படகில் 500 என்று வைத்துக்கொள்வோம். படகில் பழகின ஒருவர் நாளைக்கு 25 லிட்டரில் காலம் தள்ளிவிடுவார். வீட்டில் இருக்கிற பிரிட்டன்காரர் ஒருவருக்கு நாளைக்கு 140 லிட்டருக்கு மேல் ஆகிறது, அதோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு குறைவு என்று தெரியும். இரண்டு பேருக்குப் பத்து நாள் வந்த டேங்க் நாலு பேருக்கு ஐந்து நாள். புதிதாக வந்தவர்கள் கை தாராளமாக இருக்கும், ஆக நாலே நாள் என்று கணக்குப் போடுங்கள். குளிர் அலை வந்தால் கால்வாய் ஒரு வாரம்கூட உறைந்து கிடக்கலாம். கணக்கு எங்கே இடிக்கிறது என்று உங்களுக்கே தெரியும். நீங்கள் வருவதற்கு முன்பே மகளும் மருமகனும் உட்கார்ந்து இதைப் பேசியாக வேண்டும்.

நான் பழகிக்கொண்டது இதுதான்: தண்ணீர் தீரும்போது குழாயைத் தேடக்கூடாது. குழாயைத் தாண்டும்போதெல்லாம் பிடித்துவிட வேண்டும், டேங்க் முக்கால்வாசி இருந்தாலும் சரி. வானிலை அறிக்கையில் தொடர்ந்து சில இரவுகள் பூஜ்யத்துக்குக் கீழே என்று பார்த்தால், அன்றைக்கே படகைக் குழாய்க்கு நகர்த்தி நிரப்பி, அங்கிருந்து நடக்கிற தூரத்தில் கட்டிக்கொள்ள வேண்டும். குழாய்க்கு நேராகக் கட்டி இடத்தை அடைத்துவிடக்கூடாது, மற்றவர்களும் பிடிக்க வேண்டுமே. கொஞ்சம் தள்ளிக் கட்டுங்கள். டேங்க் நிரம்ப நேரம் பிடிக்கும், மெதுவாக வருகிற குழாய் என்றால் ஒரு மணி நேரம்கூட ஆகும். டிசம்பரில் நாலு மணிக்கு முன்னாலேயே சூரியன் மறைந்துவிடுவதால் காலையிலேயே கிளம்புங்கள்.

டேங்கில் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் மீட்டர் பல படகுகளில் சரியாக இருப்பதில்லை. நான் படகின் முன்பக்கத்தைப் பார்த்துத்தான் சொல்வேன். டேங்க் பொதுவாக முன்பக்கத்தில் இருக்கும். 500 லிட்டர் என்றால் அரை டன் எடை. நிரம்பியிருக்கும்போது முன்பக்கம் தாழ்ந்து நிற்கும், காலியாகக் காலியாக மேலே எழும்பும். இரும்புத் தகட்டில் கருப்புப் பூச்சு முடிகிற கோட்டுக்கும் தண்ணீருக்கும் எத்தனை விரல் இடைவெளி என்று தினமும் காலையில் கரையில் நின்று பார்த்துவிடுவேன். ஒரு வாரம் பார்த்தால் உங்களுக்கும் பழகிவிடும். அண்ணா, இந்த வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

கால்வாய் உறைந்த பிறகு படகை எடுக்கவே கூடாது. மெல்லிய பனி என்று நினைத்து உடைத்துக்கொண்டு போனால், நீர்மட்டத்தில் உள்ள பூச்சை அது சுரண்டிவிடும். தள்ளப்பட்ட பனித்தகடு பக்கத்தில் கட்டியிருக்கிற பைபர் படகைக் கிழித்துக்கூட விடும். யாரோ ஒருவருடைய வீடு அது. பதினாலு நாள் விதி பற்றிப் பயப்பட வேண்டாம். அங்கத்திய கால்வாய்களுக்கான 1995 சட்டத்திலேயே, நியாயமான காரணம் இருந்தால் கூடுதலாக நிற்கலாம் என்று இருக்கிறது. பனியில் மாட்டிக்கொண்டோம் என்று டிரஸ்டுக்குத் தகவல் கொடுத்துவிட்டால் போதும்.

அப்படி மாட்டிக்கொண்டால் கேன்தான் வழி. 25 லிட்டர் கேன் நிரம்பினால் 25 கிலோ. பனி படிந்த கரைப்பாதையில் அதைத் தூக்கிக்கொண்டு நீங்கள் நடக்கக்கூடாது, இதை நர்சாகச் சொல்கிறேன். மருமகன் தள்ளுவண்டியில் வைத்து இழுக்கட்டும். கேரவன்காரர்கள் பயன்படுத்துகிற அக்வாரோல் என்று ஒரு பீப்பாய் இருக்கிறது, 40 லிட்டர் பிடிக்கும், அப்படியே தரையில் உருட்டிக்கொண்டு வரலாம். நாலு பேர் இருக்கிற படகுக்கு அதை வாங்கச் சொல்வேன். கூடவே கடையில் விற்கிற 5 லிட்டர் தண்ணீர் கேன்களில் நாலு, கட்டிலுக்கு அடியில் எப்போதும் கிடக்கட்டும், குடிக்க மட்டும்.

குழாயே உறைந்திருந்தால் காலையில் போய் மல்லுக்கட்ட வேண்டாம். மத்தியானம் ஒரு மணி, இரண்டு மணிக்குப் போங்கள், பாதி நாட்களில் தானாகவே இளகியிருக்கும். இல்லாவிட்டால் வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்துக் குழாயைச் சுற்றிப் பிடியுங்கள். கொதிக்கிற தண்ணீரை ஊற்றினால் உலோகம் விரிசல் விடும். ஊற்றிய தண்ணீர் காலடியில் கண்ணாடியாக உறைந்து அடுத்து வருகிறவர் வழுக்கி விழுவார். நெருப்புக் காட்டவே கூடாது. தண்ணீர் பிடித்து முடித்ததும் ஓஸைத் தலைக்குமேல் தூக்கித் தூக்கி முழுக்க வடித்து, சுருட்டி, படகுக்குள் எடுத்து வைத்துவிடுங்கள். கூரை மேல் விட்டால் மறுநாள் அது வளையாத கம்பி.

தலைகுந்தா தம்பி கேட்டதற்கு: வீட்டில் ஒழுகவிடுவது நல்ல யோசனை, படகில் அது சரிவராது. படகில் தண்ணீரைத் தள்ளுவது 12 வோல்ட் பம்ப். குழாய் ஒழுகினால் ராத்திரி முழுக்க பம்ப் விட்டுவிட்டு ஓடும். விடியும்போது பேட்டரியும் இறங்கியிருக்கும், டேங்கும் இறங்கியிருக்கும். சாக்கு சுற்றுவது சரி, அங்கே அதற்கென்று நுரைக்குழாய் விற்கிறார்கள். டேங்கைப் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம். பனிக்கட்டி மேலேதான் மிதக்கும், அதற்கடியில் தண்ணீர் உறையாமலே இருக்கும். டேங்கின் பெரும்பகுதி நீர்மட்டத்துக்குக் கீழே, அந்தத் தண்ணீரை ஒட்டியே இருப்பதால் அது உறைவது அபூர்வம். உறைவது நீர்மட்டத்துக்கு மேலே போகிற பைப்பும் பம்பும் ஷவர் வால்வும்தான். ஆள் இருந்து அடுப்பு எரிகிறவரை அதுவும் உறையாது. எல்லோருமாக நாலு நாள் லண்டன் சுற்றிப்பார்க்கக் கிளம்பினால்தான் ஆபத்து. அப்போது கொடைத் தம்பி சொன்ன மாதிரியே செய்ய வேண்டும்: பம்பை அணைத்து, எல்லாக் குழாயையும் திறந்து, பைப்பையும் வெந்நீர் சிலிண்டரையும் வடித்துவிட்டுப் போக வேண்டும். ஷவரைத் தொங்கவிடாமல் தரையில் போட்டுவிடுங்கள், அதற்குள் நிற்கிற தண்ணீர்தான் முதலில் வெடிக்கும்.

அண்ணியிடம் சமையலறை பற்றிச் சொல்லுங்கள். நம் சமையலுக்குத் தண்ணீர் அதிகம் ஆகும். அரிசி களைந்த தண்ணீரைக் கொட்டாமல் ஒரு பாத்திரத்தில் வையுங்கள், எச்சில் தட்டுகளை முதலில் அதில் அலசலாம். குழம்புச் சட்டியை ஒரு காகிதத்தால் துடைத்துவிட்டுக் கழுவினால் பாதித் தண்ணீர் மிச்சம். இட்லித் தட்டு கழுவுவது பெரிய செலவு, நிறுத்தச் சொல்லமாட்டேன், டேங்க் நிரம்பிய அன்றைக்கு வைத்துக்கொள்ளட்டும். குளிக்க ஷவர் வேண்டாம். வாளியில் வெந்நீர் கலந்து சொம்பில் மொண்டு குளித்தால் 10 லிட்டரில் திருப்தியாகக் குளித்துவிடலாம். ஒரு நல்ல சொம்பு எடுத்துப் போங்கள்.

கூச்சப்படாமல் இதையும் சொல்லிவிடுகிறேன். கழிவறை கேசட் வகையா, பெரிய டேங்க் வகையா என்று மகளிடம் கேளுங்கள். கேசட் என்றால் கிட்டத்தட்ட 20 லிட்டர்தான் பிடிக்கும். நாம் தண்ணீர் விட்டுக் கழுவுகிறவர்கள், நாலு பேருக்கு ஒன்றிரண்டு நாளில் நிரம்பிவிடும். உறைபனியில் படகு நகராவிட்டால் அதையும் தூக்கிக்கொண்டு போக வேண்டும். கூடுதலாக இரண்டு கேசட் வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.

கேட்காத ஒன்று, ஆனால் சொல்லாமல் விடமாட்டேன். படகுக்குள் கரியோ விறகோ எரிகிற அடுப்பு இருக்கும். நம் மலையில் மூடிய அறைக்குள் கரி மூட்டிவிட்டுத் தூங்கி எழுந்திரிக்காமலே போனவர்கள் கதை உங்களுக்குத் தெரியும். படகு அந்த அறையைவிடச் சின்னது. குளிருகிறது என்று காற்றோட்டத் துவாரத்தைத் துணி வைத்து அடைக்காதீர்கள். கார்பன் மோனாக்ஸைடு அலாரம் அங்கே கட்டாயம், அது கத்துகிறதா என்று பொத்தானை அழுத்தி வாரம் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வெலிங்டன்வாசி:

சிஸ்டர், இரண்டு முறை படித்தேன், மனைவிக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். நாலு பேருக்கு நாலு நாள் என்ற கணக்கை மகளிடம் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஆமாம்பா, அதை யோசிக்கலை" என்றாள். அவர்கள் டேங்க் 450 லிட்டராம். கேசட் வகைதான், கூடுதலாக ஒன்று இருக்கிறதாம், இன்னொன்று வாங்குகிறார்கள்.

இன்னும் இரண்டு சந்தேகம். டேங்க் தண்ணீரை அப்படியே குடிக்கலாமா, இங்கிருந்து பில்டர் வாங்கி வரவா? அப்புறம், படகு இப்போது லெய்டன் பஸர்டு என்ற ஊரில் நிற்கிறதாம். அது உங்கள் கால்வாய்தானா?

கொடைக்காரன்:

அக்கா, நீங்கள் சொன்னது சரி. டீசல் கலந்த தண்ணீரைக் கொதிக்கவைத்துப் பயனில்லை. எங்கள் பேரிஜம் ஏரியிலிருந்துதான் பெரியகுளத்துக்குக் குடிதண்ணீர் போகிறது, அங்கே படகு சவாரி விடுவதில்லை. இப்போது யோசித்தால் அதற்கும் இதுதான் காரணம். ஒரு சந்தேகம், அங்கே எந்தக் கால்வாயிலிருந்துமே குடிதண்ணீர் எடுப்பதில்லையா?

கோத்தகிரி சிஸ்டர்:

தம்பி, எடுக்கிறார்கள். ஓர் உதாரணம், வேல்ஸ் எல்லையில் லாங்காலன் கால்வாய். டீ என்ற ஆற்றிலிருந்து தண்ணீர் அதில் இறங்கி, ஹர்ல்ஸ்டன் நீர்த்தேக்கம்வரை ஓடிப் போகிறது, அங்கே சுத்திகரித்துக் குடிநீராகக் கொடுக்கிறார்கள். மற்றக் கால்வாய் மாதிரி இல்லாமல் தண்ணீர் ஓடுவது கண்ணுக்கே தெரியும். அதில் படகும் போகிறது. சுத்திகரிப்பு நிலையம் செய்கிற வேலையை நம் அடுப்பில் செய்ய முடியாது, அதனால் அங்கேயும் மொண்டு குடிக்க வேண்டாம்.

அண்ணா, டேங்க் தண்ணீர் பற்றி. வருகிற தண்ணீர் நல்லது, கேள்வி டேங்க் எவ்வளவு சுத்தம் என்பதுதான். கடைசியாக எப்போது கிருமிநாசினி போட்டு ஊறவிட்டுக் கழுவினார்கள் என்று கேளுங்கள். வருடத்துக்கு ஒருமுறையாவது செய்ய வேண்டும். படகின் இரும்பு உடம்பிலேயே தடுத்துக் கட்டிய டேங்க் என்றால் உள்ளே என்ன பெயின்ட் அடித்திருக்கிறது, துரு இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் போவதற்கு முன், நவம்பரிலேயே இதை முடித்துவிட்டால் நல்லது. குளிரில் டேங்கைக் காலி செய்து கழுவ யாருக்கும் மனம் வராது. மகளும் மருமகனும் தினமும் குடிக்கிற தண்ணீர் என்றால் உங்களுக்கும் ஒத்துக்கொள்ளும். வயிற்றுக்கு யோசனையாக இருந்தால் முதல் வாரம் காய்ச்சிக் குடியுங்கள், அடுப்பு எப்போதும் எரிவதால் கெட்டில் மேலேயே இருக்கும். கரண்டில் ஓடுகிற பில்டர் இங்கிருந்து தூக்கிப் போகாதீர்கள், படகில் கரண்டும் தண்ணீர் மாதிரிதான், எண்ணி எண்ணிச் செலவழிப்பது.

லெய்டன் பஸர்டு என் கால்வாயேதான், கிராண்ட் யூனியன். கால்வாய் ஓரத்திலேயே டெஸ்கோ கடை இருக்கிறது, படகைக் கட்டிவிட்டு 5 லிட்டர் கேன்களை நேராக ஏற்றிக்கொள்ளலாம். இந்தக் குளிர்காலத்துக்கு அவர்களை வடக்கே மில்டன் கீன்ஸ் பக்கம் வரச் சொல்வேன். ஃபென்னி ஸ்ட்ராட்போர்டு லாக் தாண்டினால் காஸ்குரோவ்வரை சுமார் 11 மைல் தூரத்துக்கு லாக்கே கிடையாது. லாக் இல்லாததால் அந்த நீளத்துக்குள் குழாய்க்கும் கடைக்கும் போய்வர யார் தயவும் வேண்டாம். குளிரில் வழுக்குகிற லாக் கதவு மேல் நீங்கள் யாரும் ஏறவும் வேண்டியதில்லை. நான் அங்கேயே குளிர்காலம் கழித்ததற்குக் காரணமும் அதுதான்.

ஆனால் லெய்டன் பஸர்டில் இருந்து அங்கே வர லெய்டன் லாக், சோல்பரி மூன்று லாக், ஸ்டோக் ஹாமண்ட், ஃபென்னி என்று வரிசையாக இறங்க வேண்டும். நவம்பர் முதல் மார்ச்வரை பழுது பார்ப்பதற்காக லாக்குகளை மாற்றி மாற்றி மூடுவார்கள். எது, எந்தத் தேதி என்று டிரஸ்டின் இணையதளத்தில் முன்கூட்டியே போட்டுவிடுவார்கள். மூடுகிற லாக்குக்கு அந்தப் பக்கம் குழாய் மாட்டிக்கொண்டால் கஷ்டம். மருமகனை இன்றைக்கே அந்தப் பட்டியலைப் பார்க்கச் சொல்லுங்கள். நவம்பரில் இருந்து பிப்ரவரி முடிய ஒரே இடத்தில் நிற்க வின்டர் மூரிங் என்று பணம் கட்டியும் வாங்கலாம், நடக்கிற தூரத்தில் குழாய் இருக்கிற இடமாகப் பார்த்து எடுத்தால் அண்ணியின் கவலை பாதி தீர்ந்தது. பட்டியல் பார்த்துவிட்டு எந்தத் தேதியில் நகர முடியும் என்று இங்கே எழுதுங்கள், எங்கெங்கே நின்று தண்ணீர் பிடிக்கலாம் என்று மேப்பைப் பார்த்துச் சொல்கிறேன்.

வெலிங்டன்வாசி:

மருமகனுக்கு இப்போதே அனுப்பிவிட்டேன் சிஸ்டர். அக்வாரோலும் ஆர்டர் போட்டுவிட்டார்களாம். டிக்கெட்டுக்கு நாளைக்கு ஏஜென்டைப் பார்க்கிறேன். சொம்பு இரண்டாக எடுத்து வைத்துவிட்டாள் மனைவி.